இரண்டு லைன் இருந்தும் பில் தொலைகிறதே?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் உரம், தோட்டச் சாமான் கடை நடத்துகிறோம். கோலகங்சாரிலும் ஈப்போவிலும் கிளைகள் உண்டு. சரக்குக் கணக்கு சர்வர் ஈப்போவில். ஃபைபர் அறுந்தால் எங்கள் ரவுட்டர் 4ஜி சிம்முக்கு மாறுகிறது, ஆனால் பாதியில் இருந்த பில் போய்விடுகிறது. எஸ்டி-வேன் (பல லைன்களைச் சேர்த்து மென்பொருளால் நிர்வகிக்கும் முறை) போட்டால் சரியாகுமா?

பதில்: சரியாகும். இப்போது லைன் மாறும்போது கடையின் ஐபி முகவரியும் மாறுகிறது. சர்வருக்கு நீங்கள் யாரோ புது ஆள், அதனால் தொடர்பை வெட்டிவிடுகிறது. எஸ்டி-வேன் பெட்டி ஃபைபரில் ஒன்று, 4ஜியில் ஒன்று என ஈப்போவுக்கு இரண்டு டனல்களை (இணையத்துக்குள்ளே போடும் தனிப் பாதைகளை) எந்நேரமும் திறந்தே வைத்திருக்கும். பில் எந்த டனலில் போனாலும் உள்முகவரி அதேதான்.

லைன் அடியோடு அறுவதைவிட அரைகுறையாகக் கிடப்பதுதான் பெரிய தொல்லை. பெட்டி சோதனைப் பாக்கெட் அனுப்பி அதையும் கண்டுபிடிக்கும். கடைத் தொலைபேசிக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடி, ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிவினாடி, பாக்கெட் இழப்பு 1% என எல்லை வையுங்கள். பில்லுக்கு இவ்வளவு கறார் வேண்டாம். ஃபைபர் திரும்பியதும் உடனே தாவவிடாமல் 5 நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊஞ்சலாடும். 100 பைட் சோதனைப் பாக்கெட் வினாடிக்கு இரண்டு போய் வந்தாலே மாதம் 1 ஜிபி ஆகும். சிம் திட்டத்தில் அதையும் கணக்கிடுங்கள்.

பொருத்தும்போது இடிப்பவை: மூன்று கடையிலும் உள்முகவரி 192.168.0 என்றே தொடங்கினால் டனல் குழம்பும். 10.10.1, 10.10.2, 10.10.3 என்று பிரித்துவிடுங்கள். 4ஜி சிம்முக்குப் பெரும்பாலும் பொது ஐபி (வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய முகவரி) கிடைக்காது, ஆகவே ஈப்போ லைனுக்கு அது கட்டாயம். ஐபிசெக் (டனலைப் பூட்டும் மறையாக்க முறை) பெட்டியானால் அங்கே யூடிபி போர்ட் 500, 4500 திறந்திருக்க வேண்டும். பிங் போகிறது, பக்கம் மட்டும் திறக்காமல் சுற்றுகிறதா? எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவுதான் காரணம். பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் போட்டு இணையும்) லைனில் 1492 பைட்தான் போகும், டனலின் உறை அதிலும் கொஞ்சம் தின்னும். டனலின் எம்டியூ 1400, எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) 1360 வையுங்கள். உடைக்காமல் அனுப்பிய 1372 பைட் பிங் டனல் வழியே போய்த் திரும்பினால் சரி.

பொருத்துபவர் கிளம்புமுன் பில் போட்டுக்கொண்டே சோதியுங்கள். மோடத்துக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள வயரைப் பிடுங்கினால் எந்த ரவுட்டரும் கண்டுகொள்ளும். மோடத்தின் ஃபைபரைக் கழற்றுங்கள், வயர் உயிரோடு இருக்க லைன் மட்டும் செத்திருக்கும், அதுதான் பரீட்சை.

கேள்வி: கடைக்குள் 4ஜி சிக்னல் ஒரு கோடுதான். வேறு கம்பெனி ஃபைபர் இன்னொன்று எடுத்தால் போதாதா?

பதில்: முதலில் வெளியே போய்க் கம்பத்தைப் பாருங்கள். பல கம்பெனிகள் ஒரே கேபிளை வாடகைக்கு எடுத்துத்தான் விற்கின்றன. ஒரு மரம் சாய்ந்தால் இரண்டும் போகும். இல்லாத வழியை எந்த மென்பொருளாலும் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் 4ஜியையும் சரிசெய்யப் பாருங்கள். சிக்னலைக் கெடுப்பது பெரும்பாலும் தகரக் கூரைதான். ஆன்டெனாவை வெளியே வைத்து, வயரைக் குட்டையாக விட்டு, ரவுட்டர் காட்டும் ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் பலம், டிபிஎம் கணக்கில்) அளவைப் பாருங்கள். −100 பரவாயில்லை, −115 என்றால் வேறு கம்பெனி சிம் போட்டுப் பாருங்கள். மோடம், பெட்டி இரண்டும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். மோடத்தை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.