மார்கழியில் மல்லிகை ஏன் பூப்பதில்லை? அப்போது வாசனைக்கு என்ன வளர்க்கலாம்?

சேலத்து வீடுகளில் மார்கழியில் மல்லிகைச் செடி பூக்காமல் சும்மா நிற்பதைத்தான் ஓய்வுக்காலம் என்கிறோம். மொட்டு புதுத் தளிரின் நுனியில்தான் வரும். இரவுக் குளிரில் தளிர் விடுவதே மந்தமாகிவிடும், குளிர்நாளில் இட்லி மாவு புளிக்காமல் கிடப்பதுபோல. ஏற்காட்டில் கேட்கவே வேண்டாம். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்தால், அதாவது மேலே உள்ள கிளைகளை வெட்டிவிட்டால், வெயில் ஏறும்போது தளிரோடு மொட்டும் வரும்.

அதுவரை வாசனைக்குப் பவளமல்லிதான் என் தேர்வு. வெள்ளை இதழ், ஆரஞ்சுக் காம்பு. ராத்திரி மலர்ந்து விடிகாலையில் தரையெல்லாம் கொட்டிக் கிடக்கும். மழைக்காலத்தில் தொடங்கி டிசம்பர் வரை பூக்கும். காக்கடா என்ற மல்லிகை வகையும் குளிரில் பூக்கும், மணம் கொஞ்சம் கம்மி. டிசம்பர் பூவுக்கு நிறம் மட்டும்தான்.

பூக்கவில்லையே என்று பலர் மல்லிகைக்குத் தண்ணீரையும் உரத்தையும் கூட்டுகிறார்கள்; குளிரில் அதனால் பூ வராது, வேர்தான் அழுகும்.