மக்கள் தேர்ந்தெடுக்கும் குடியரசுத் தலைவருக்கு அதிக அதிகாரம் தருவது மக்களாட்சியை வலுப்படுத்துமா?

நேரடித் தேர்தல் இருந்தால் போதும் என்று கருதுவோர் பிரான்சின் 1962-ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அரசமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் ஒப்புதலைக் கோரும் 89-ஆம் பிரிவை ஒதுக்கிவிட்டு, 11-ஆம் பிரிவின்கீழ், குடியரசுத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறையைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டார் அன்றைய குடியரசுத் தலைவர் சார்லஸ் டி கோல். வெகுண்ட நாடாளுமன்றக் கீழவையான தேசியப் பேரவை பிரதமர் பொம்பிடுவின் அரசைக் கண்டனத் தீர்மானத்தால் வீழ்த்தியது. டி கோலோ பேரவையையே கலைத்தார். அக்டோபர் 28 அன்று வாக்களித்தோரில் சுமார் 62 விழுக்காட்டினர் ஆதரித்தனர். மக்கள் நேரடியாக ஏற்ற சட்டத்தை ஆராயும் அதிகாரம் தனக்கில்லை என்று, சட்டங்கள் அரசமைப்புக்கு உட்பட்டவையா எனப் பார்க்கும் அரசமைப்புக் கவுன்சிலும் விலகிக்கொண்டது. என்னை உறுத்துவது அதுதான்: மக்கள் ஆணையைக் காட்டி மற்ற அமைப்புகளை வாயடைக்கச் செய்துவிட்டால், அடுத்த வாக்குப்பதிவு வரை தலைவரைத் தட்டிக்கேட்க எவருமில்லை. ஆயினும் டி கோல் அந்த ஆணைக்குத் தாமும் கட்டுப்பட்டார். 1969 ஏப்ரல் 27-இல் வேறொரு பொதுவாக்கெடுப்பில் தோற்றதும், எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத நிலையிலும், மறுநாளே பதவி விலகினார்.