அறிவுத்திறன் மரபணுவால் வருவதா, வளர்ப்பால் வருவதா? எது எத்தனை சதவீதம்?

அக்காவும் நானும் தினமும் காலையில் ஒரே மாத்திரைதான் போடுகிறோம். தைராக்சின், அதாவது தைராய்டு ஹார்மோன். இருவருக்கும் ஒரே மரபணுவில் ஒரே பழுது. அக்கா மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. நான் பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். சதவீதக் கணக்கு கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அம்மா, அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள். விருதுநகர் பக்கம் எங்கள் ஊரில் அது சாதாரணம். அயோடினைப் பிடித்து ஹார்மோனில் கோக்கிற நொதிக்கான மரபணு டி.பி.ஓ. அதில் பழுதான நகல் அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. ஒரு நகல் மட்டும் பழுதென்றால் உடம்பு காட்டிக்கொடுக்காது. இரண்டும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர்ந்தால், தைராய்டு சுரப்பி இருக்கும், ஆனால் ஹார்மோன் சுரக்காது. ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. எங்கள் வீட்டில் இரண்டுக்கு இரண்டு.

அக்கா பிறந்தது 1984. அழவே அழாதாம். பால் கொடுத்தால் குடிக்கும், இல்லையென்றால் தூங்கும். "என்ன சமத்து!" என்று தெருவே மெச்சியிருக்கிறது. மஞ்சள் ஒரு மாதமாகியும் வடியவில்லை, தொப்புள் புடைத்திருந்தது, வெளிக்குப் போவது நாலு நாளைக்கொரு தரம். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வயதாகியும் நடக்கவில்லை என்றுதான் மதுரைக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். மாத்திரை ஆரம்பித்த சில மாதங்களில் நடந்தாள், உயரமும் வந்தது. மூளை இழந்த மூன்று வருஷம் மட்டும் திரும்பவில்லை. நரம்பு செல்கள் கிளைவிடவும் அவற்றின் மேல் உறை படியவும் அந்த ஹார்மோன் வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வயதுக்குள் நடந்து முடிவது.

நான் 1988. "அடுத்தது பிறந்தால் அந்த வாரமே ரத்தம் பாருங்க" என்று டாக்டரம்மா முன்பே சொல்லி வைத்திருந்தார். பத்தாம் நாள் மாத்திரை. கால் மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நுணுக்கி, தாய்ப்பாலில் கரைத்துச் சங்கில் புகட்டுவாளாம் அம்மா. எனக்கு நடந்த 'வளர்ப்பு' என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சங்குதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். 1984இல் எங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்கும் சோதனை கிடையாது, மாத்திரை கிடையாது. அக்காவையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் ஒப்பிட்டால் வித்தியாசம் மரபணுவால் வந்தது. அக்காவையும் என்னையும் ஒப்பிட்டால் அதே பழுது இருவருக்கும் இருக்கிறது. வித்தியாசம் மாத்திரை எப்போது வந்தது என்பதில். அக்கா மாறவில்லை, யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறினால் சதவீதம் தலைகீழாகிறது.

இரட்டையர் ஆய்வுகளில் வரும் எண்களையும் இப்படித்தான் படிக்க வேண்டும். நாலு நாடுகளின் 11,000 ஜோடி இரட்டையர்களைச் சேர்த்து 2010இல் வந்த ஆய்வில், அறிவுத்திறனில் மரபணுவின் பங்கு 9 வயதில் 41%, 12 வயதில் 55%, 17 வயதில் 66%. இதைப் பார்த்துவிட்டு "என் பையன் மூளையில் மூன்றில் இரண்டு பங்கு எங்கள் பரம்பரை" என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. அந்த எண் எந்த ஒரு பையனையும் பற்றியது அல்ல. அந்தக் கூட்டத்தில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வேறுபாட்டைப் பற்றியது. வயது ஏற ஏற எண் ஏறுவதற்கு ஒரு விளக்கம் எனக்குப் பிடிக்கும்: வளர்ந்த பிள்ளை தன் சுபாவத்துக்கேற்ற சூழலைத் தானே தேடிக்கொள்கிறது. படிக்கிறது நூலகத்துக்குப் போகும், விளையாடுகிறது மைதானத்துக்கு. கூட்டம் மாறினாலும் எண் மாறும். 2003இல் அமெரிக்காவில் 7 வயது இரட்டையர்களைப் பார்த்த ஓர் ஆய்வில், ஏழை வீடுகளில் மரபணுவின் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம்.

எங்கள் வீட்டுக்கு முன்னோடி ஒன்று நார்வேயில் உண்டு. மூளை வளராத இரண்டு பிள்ளைகளின் சிறுநீரில் விநோத வாடை அடிக்கிறது என்று ஒரு தாய் விடாமல் அலைந்தார். 1934இல் ஆஸ்பியோர்ன் ஃபெலிங் என்ற மருத்துவர் காரணத்தைப் பிடித்தார்: ஃபினைல்கீட்டோனூரியா, புரத உணவில் வரும் ஃபினைல்அலனின் என்ற பொருளை உடம்பால் உடைக்க முடியாத, சுத்தமான மரபணு நோய். ஃபினைல்அலனின் குறைத்த உணவைச் சின்ன வயதிலேயே தொடங்கினால் மூளை தப்பிக்கும் என்பது 1950களுக்குப் பிறகு தெளிவானது. அந்தக் குழந்தைகளைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ராபர்ட் கத்ரி 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்ததுதான் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தச் சொட்டு வைக்கும் சோதனை. எங்கள் தைராய்டுக் குறையையும் அதே சொட்டில் பார்த்துவிடலாம். என் மகளுக்கு மூன்றாம் நாள் அந்த அட்டை நனைந்தபோது நான் வார்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். அவளுக்கு ஒன்றும் இல்லை.

மூன்று வயதோடு அக்காவுக்கு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு ரூபாய் நோட்டு அடையாளம் தெரியும், மீதிச் சில்லறைக் கணக்குதான் வராது. கடிகாரமும் ரொம்ப நாள் வரவில்லை. தெருவில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், அக்கா கோலப்புள்ளியைப் பிசகாமல் வைப்பதைக் கவனித்துவிட்டு, வாசலில் வட்டமாகப் பன்னிரண்டு புள்ளி வைக்கச் சொல்லி நடுவில் இரண்டு விளக்குமாற்றுக் குச்சியைப் போட்டார். அப்போது அக்காவுக்கு 22 வயது. தினமும் சாயங்காலம், எட்டு மாதம் ஆயிற்று.

மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு அக்கா பொறுப்பு. முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஆபீசுக்கு நேரமாயிற்று என்று இரண்டு நிமிஷம் முன்னால் டம்ளரைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவாள்.