சர்க்கரை 150தானே என்று வாந்தியை அலட்சியப்படுத்தாதீர்கள்

உங்கள் நீண்ட கடிதத்தில் அம்மாவைப் பற்றி இருப்பவை சில வரிகள்தான். உங்களோடு சேர்ந்து இரண்டு மாதமாக அவரும் சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறார். சென்ற மாதம் இரண்டு முறை நாள் முழுக்க வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டார். குளுக்கோமீட்டரில் 150 என்றே இருந்ததால், உடல் கொழுப்பை எரிக்கப் பழகும்போது வரும் தொந்தரவு என்று இணையத்தில் படித்து, அப்படியே விட்டுவிட்டீர்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலில் டாபாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்து இருக்கிறது. உங்கள் பரிசோதனை முடிவுகளைப் பிறகு பார்க்கலாம். இதைப் படித்த இன்றே அம்மாவை மூன்று வேளையும் சாப்பிட வையுங்கள். நாளைக்குள் அவருக்கு மாத்திரை எழுதிய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்குள் மீண்டும் வாந்தி வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பதைச் சொல்கிறேன். சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையை உடல் வழக்கமாக மீண்டும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும். அந்த வழியை இந்த மருந்து அடைப்பதால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 கிராம் சர்க்கரை சிறுநீரோடு போய்விடுகிறது. சாப்பிடுகிறவருக்கு அது நன்மை. மாவுச்சத்தே உள்ளே போகாதவருக்கோ, இன்சுலின் சுரப்பு மேலும் தாழ்ந்து, கொழுப்பு கட்டுப்பாடின்றி உடைந்து, கல்லீரல் அதைக் கீட்டோன் என்னும் அமிலமாக மாற்றி ரத்தத்தில் கொட்டத் தொடங்குகிறது. வழக்கமான கீட்டோன் நெருக்கடியில் சர்க்கரையும் 300, 400 என்று ஏறியிருக்கும் என்பதால் வீட்டில் இருப்பவர்கள் பயந்து ஓடி வருவார்கள். இங்கே சர்க்கரை சிறுநீரில் ஒழுகிக்கொண்டே இருப்பதால் மீட்டரில் 150, 180 என்று தெரியும்; அமிலம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி 2015-இலேயே எச்சரித்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி ஒருவரை என்னிடம் அழைத்து வந்தார்கள். ஏகாதசிக்குப் பட்டினி இருந்தவருக்கு மறுநாள் பாரணைக்குப் பிறகும் எதுவும் வயிற்றில் தங்கவில்லை. முதலில் போன இடத்தில் சர்க்கரை 172 என்று பார்த்து, வயிற்றுப் புண் என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் எதிரே உட்கார்ந்து பேசியவர், நான்கைந்து சொற்களுக்கு ஒருமுறை நிறுத்தி, மாடிப்படி ஏறி வந்தவரைப் போல ஆழமாக மூச்சை இழுத்தார்; நெஞ்சில் இரைப்பு இல்லை, காய்ச்சலும் இல்லை. அருகில் குனிந்தபோது அவர் மூச்சில் கனிந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை அடித்தது. ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டின் அளவு 9. இயல்பாக அது 22-க்கு மேல் இருக்க வேண்டும். சேர்ந்துவிட்ட அமிலத்தை மூச்சின் வழியே வெளியேற்ற அவர் உடல் பட்ட பாட்டைத்தான் வீட்டில் "கேஸ் டிரபிள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்சுலினையும் குளுக்கோஸையும் சேர்த்து ஏற்றிய பிறகுதான் அவர் மீண்டார். உங்கள் அம்மா இரண்டு முறை வாந்தி எடுத்ததும் இதுவாகத்தான் இருக்கும் என்று அவரைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. இதுவல்ல என்று வீட்டிலிருந்தபடி உங்களாலும் சொல்ல முடியாது.

ஆகவே இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த வகை மருந்து சாப்பிடும் ஒருவருக்கு வாந்தி, வயிற்று வலி, காரணம் புரியாத களைப்பு, ஆழ்ந்த வேகமான மூச்சு ஆகியவற்றில் எது வந்தாலும், மீட்டர் என்ன எண்ணைக் காட்டினாலும், அந்த மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்சுலின் ஊசி போடுபவராக இருந்தால் அதை மட்டும் தாமாக நிறுத்தக் கூடாது. பணியில் இருக்கும் மருத்துவரிடம் மருந்தின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, ரத்தத்தில் கீட்டோன் பார்க்கும்படி கேளுங்கள். சிறுநீர்ப் பட்டைச் சோதனை முக்கியமான கீட்டோனைக் கண்டுபிடிக்காது என்பதால் அதில் லேசான நிறம் தெரிந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். விரதம் இருப்பதற்கு முன்னும், அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்னும் இந்த மருந்தை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். 2020-இல் இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை சரிந்ததிலிருந்து அது எத்தனையோ வணிகப் பெயர்களில், மெட்ஃபார்மினோடும் மற்ற மருந்துகளோடும் ஒரே மாத்திரையாகச் சேர்த்தும் விற்கப்படுகிறது. தாம் இதைச் சாப்பிடுகிறோம் என்றே பலருக்குத் தெரியாது. மாத்திரை அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் "கிளிஃப்ளோசின்" என்று முடியும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு அந்த மருந்தையே குப்பையில் போட்டுவிடவும் கூடாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு, நீரிழிவே இல்லாதவர்களுக்குக்கூட, அது நன்மை செய்கிறது என்று 2019-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. சிறுநீரகத்தையும் அது காக்கிறது. முறையாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் அரிது. பட்டினியோடு அது சேர்ந்ததுதான் உங்கள் வீட்டில் நடந்த தவறு.

அந்தத் தவறுக்குப் பின்னால் இருப்பது நீங்கள் காணொளிகளில் கற்றுக்கொண்ட பாடம்: இன்சுலின்தான் எதிரி, அதைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. இன்சுலின் எதிர்ப்பு உண்மையான விஷயம். இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படும் நோயாளிகள், கட்டுப்படாத நோயாளிகள் என்று இரண்டு வகை இருப்பதை லண்டனில் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் 1936-இலேயே எழுதினார். 1960-இல் நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ரத்தத்தில் இன்சுலினை அளக்கும் முறையை உருவாக்கியபோது, நடுவயதில் நீரிழிவு வந்த பலருக்கு இன்சுலின் குறையாமல் அதிகமாகவே இருந்தது தெரியவந்தது. காணொளிகளின் கதை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது. இன்சுலின் ஏறுவது, தசையும் கல்லீரலும் சொல் கேளாதபோது கணையம் கூடுதலாக உழைப்பதன் அடையாளம். அந்த உழைப்புக்கு ஓர் எல்லை உண்டு. பிரிட்டனில் நடந்த நீண்டகால நீரிழிவு ஆய்வில், நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே இன்சுலின் சுரக்கும் திறன் ஏறத்தாழப் பாதியாகியிருந்ததாகவும், ஆண்டுகள் போகப்போக மேலும் தேய்ந்ததாகவும் கணக்கிட்டார்கள். உங்கள் அம்மாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. எடை 47 கிலோ. இரண்டு மாதத்தில் 6 கிலோ குறைந்ததை நீங்கள் வெற்றி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கவலை தருகிறது. அவருடைய உடலில் இன்சுலின் மிஞ்சிக் கிடக்கவில்லை, பற்றாமல் இருக்கலாம். சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை அதைக் காட்டும். அவர் மருத்துவரிடம் கேளுங்கள். நாற்பது வயதில் வயிறு பெருத்த மகனுக்குப் பொருந்தும் உணவுமுறையை, அறுபதைத் தாண்டிய மெலிந்த தாய்க்கு அப்படியே கொடுக்க யார் உங்களுக்குச் சொன்னார்கள்?

இனி உங்களைப் பற்றி. வெறும் வயிற்றில் சர்க்கரை 94, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.6: உங்களுக்கு நீரிழிவு இல்லை. இன்சுலின் எதிர்ப்பை மதிப்பிடும் ஹோமா எண் 2.9 என்பதற்காகத் தூக்கம் போனதாக எழுதியிருக்கிறீர்கள். வெறும் வயிற்று இன்சுலினையும் சர்க்கரையையும் பெருக்கி 405-ஆல் வகுக்கும் இந்தக் கணக்கு 1985-இல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது. மக்கள் குழுக்களை ஒப்பிடும் ஆய்வாளர்களுக்கு அது மிகவும் பயன்படுகிறது. தனி ஒருவரின் இன்சுலின் அளவோ ஆய்வகத்துக்கு ஆய்வகம், நாளுக்கு நாள் மாறும். அதை மீண்டும் பரிசோதிக்க வேண்டாம். இட்லி சாப்பிட்டதும், சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கக் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் 158 காட்டியதில் அச்சப்பட ஒன்றுமில்லை. நீரிழிவு இல்லாதவர்களும் உணவுக்குப் பின் சிறிது நேரம் 140-ஐத் தாண்டுவதுண்டு. நள்ளிரவில் 58 காட்டியது, பெரும்பாலும் அந்தக் கையின் மேலேயே படுத்து உறங்கியதால் வந்த பிழை. கழுத்தின் கருமை அழுக்கல்ல, இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். எலுமிச்சையும் முகப்பூச்சும் போட்டுத் தேய்க்காதீர்கள், வயிறு குறையும்போது அதுவும் மங்கும். மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்கிய மெட்ஃபார்மினை நிறுத்துங்கள். நல்ல மருந்துதான், ஆனால் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்க்காமல், பி12 சத்தைக் கண்காணிக்காமல், தேவை இருக்கிறதா என்றே தெரியாமல் ஒருவர் தாமாக விழுங்கும் பொருள் அல்ல அது.

நீங்கள் அனுப்பிய எண்களில் நான் பொருட்படுத்துவது இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டர் என்பதை. நம் மக்களில் ஆண்களுக்கு அது 90-க்குள் இருக்க வேண்டும். புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யட்கினும் 2004-இல் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள்: உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒரே 22.3, உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் உடல்வாகு அப்படி. எடை பார்க்கும் இயந்திரத்தைவிட அளவு நாடா நமக்கு அதிகம் சொல்லும்.

அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த நாளிலிருந்து உங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சென்சாரும், பட்டினியும், மாத்திரையும் அங்கிருந்துதான் வந்தன என்று புரிகிறது. நானும் அப்படியே நேரடியாகச் சொல்கிறேன்: ஓர் இட்லியின் 158 காலைப் பறிக்காது. பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்த சர்க்கரை நரம்புகளை மரக்கச் செய்து, ரத்தக் குழாய்களைச் சுருக்கி, புகைபிடித்தல் அதை மேலும் கெடுத்து, வலி தெரியாததால் ஒரு சிறு புண் கவனிக்கப்படாமல் போவதுதான் காலைப் பறிக்கிறது. அந்தப் பாதையின் தொடக்கத்துக்குக்கூட நீங்கள் இன்னும் வரவில்லை. வராமலிருக்க வழியும் உண்டு. உங்களைவிட ஒரு படி முன்னே போய்விட்ட, சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேரை வைத்து சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. வழக்கம்போல் விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. நடையையும் உணவையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 சதவீதம். எடை பெரிதாகக் குறையாமலேயே அந்தப் பலன் கிடைத்தது. நடக்கும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்பது அதற்கு ஒரு காரணம். தினமும் அரை மணி நேரம் நடங்கள், வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுங்கள், தட்டில் சோற்றைப் பாதியாக்கிப் பருப்பையும் காயையும் கூட்டுங்கள், ஆண்டுக்கு ஒரு முறை எச்பிஏ1சி பாருங்கள்.

அப்பாவின் இடது காலை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதவில்லையே? ஒரு காலை இழந்தவரின் மறு கால் பெரும் ஆபத்தில் இருக்கிறது. உங்கள் கையில் சென்சாரைப் பார்க்கும் நேரத்தில், தினமும் இரவு விளக்கொளியில் அவர் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். கொப்புளம், வெடிப்பு, நிறம் மாறிய இடம், ஒரு பக்கம் மட்டும் சூடு என எது தெரிந்தாலும் மறுநாளே காட்டுங்கள். வீட்டுக்குள்ளும் அவர் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.