வாசகர் கேள்வி: டிஷ் வாங்க முன்னம் சனலைப் பாருங்கள்

கேள்வி: அண்ணை, குருநகரில் இருக்கிற எங்கள் கடை மாடியிலிருந்து மண்டைதீவு வீட்டுக்கு இன்ரநெற் கொண்டுபோக 5 கிகாஹெர்ட்ஸில் கம்பியில்லா லிங்க் போட்டிருக்கிறேன். கடலுக்கு மேலால் 4 கிலோமீற்றர் வரும். வேகம் கூடட்டும் என்று சனல் அகலத்தை, அதாவது லிங்க் பாவிக்கும் அலைவரிசைப் பட்டையின் அகலத்தை, 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 80 ஆக்கினேன். சிக்னல் முன்போலவே மைனஸ் 68 டிபிஎம்தான் காட்டுகிறது. ஆனால் பின்னேரங்களில் மகளின் ஒன்லைன் வகுப்பு அறுந்து அறுந்து போகிறது. ரீச்சர் பேசுவது அவளுக்கு ஓரளவு கேட்கிறது, அவள் பேசுவதுதான் அங்கே போய்ச் சேருவதில்லை. பெரிய டிஷ் வாங்கட்டுமா?
- மண்டைதீவு வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி, காசைச் செலவழிக்காதீர்கள். முதலில் சனலைத் திரும்ப 20க்குக் கொண்டு வாருங்கள்.

டிபிஎம் என்பது சிக்னலின் சக்தியை அளக்கும் அலகு, மைனஸ் எண் சிறிதானால் சிக்னல் பலம். அந்த மைனஸ் 68 சனல் முழுவதிலும் வந்து சேரும் சக்தியின் கூட்டுத்தொகை. அதனால்தான் எண் மாறவில்லை. வெங்காயத்துக்கு இறைத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மோட்டாரும் கிணறும் அதேதான். ஒரு பாத்திக்கு விட்ட தண்ணீரை நாலு பாத்திக்குத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் காற்பங்குதான் போகும். 80 ஆக்கியபோது உங்கள் ரேடியோவின் சக்தியும் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் கால்வாசியாகிவிட்டது.

இரைச்சல் பக்கமிருந்து பார்த்தாலும் கணக்கு அதேதான். எந்தக் கருவியாலும் தவிர்க்க முடியாத வெப்ப இரைச்சல் 20 மெகாஹெர்ட்ஸில் மைனஸ் 101 டிபிஎம், 40இல் மைனஸ் 98, 80இல் மைனஸ் 95. அகலம் இருமடங்காகும் ஒவ்வொரு தடவையும் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியில் 3 டெசிபல், அதாவது பாதி, போகிறது. நீங்கள் இழந்தது 6 டெசிபல். திறந்த வெளியில் 6 டெசிபல் என்பது தூரத்தை இருமடங்காக்கியதற்குச் சமம். உங்கள் 4 கிலோமீற்றர் லிங்க் இப்போது 8 கிலோமீற்றர் லிங்க் மாதிரித் திணறுகிறது.

பின்னேரத்தில் மட்டும் ஏன்? மகளின் குரலை வாங்குவது குருநகர் முனை. அந்த நேரம் சுற்றியுள்ள வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் வேலை செய்யும். 80 மெகாஹெர்ட்ஸ் திறந்திருந்தால் அவற்றில் பலவும் உங்கள் சனலுக்குள் விழும். மண்டைதீவுப் பக்கம் அவ்வளவு நெருக்கடி இல்லை, அதனால்தான் ரீச்சரின் குரல் ஓரளவாவது வருகிறது.

அராலிக்கு நான் போட்ட ஒரு லிங்க்கிலும் இதே கதைதான். சிக்னல் போதாது என்று நினைத்து டிஷ்ஷைப் பெரிதாக்கினேன். சோளகக் காற்றுக்கு அது கம்பத்தோடு திரும்பிவிட்டது. மூன்று நாள் ஏணியில் நின்ற பிறகு சனலை 20 ஆக்கினேன், அன்று மாலையே லிங்க் நிலைத்தது. அந்த வீட்டிலும் ஒரு உயர்தர மாணவி இருந்தாள். அவள் இழந்த பாடங்களை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

வேகம் குறையுமே என்று யோசிக்காதீர்கள். வகுப்புக்குச் சில மெகாபிட் போதும். அறாமல் வருவதுதான் முக்கியம். சிக்னல் மைனஸ் 50 அளவில் இருந்து, சுற்றிலும் நெருக்கடியும் இல்லை என்றால் 80 வைத்திருக்கலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை.

மாற்றும்போது தூர முனையை முதலில் மாற்றுங்கள். லிங்க் அறும், பயப்படவேண்டாம். கிட்ட உள்ளதையும் 20 ஆக்கியதும் திரும்ப வரும். முதலில் கிட்ட உள்ளதை மாற்றினால் மற்ற முனையை எட்ட முடியாது, கிட்ட உள்ளதைத் திரும்ப 80 ஆக்கவோ நேரில் போகவோ வேண்டி வரும்.

கேள்வி: எங்கள் லிங்க்குக்கு நடுவில் பனைகள் நிற்கின்றன. சனலை ஒடுக்கினால் சரியாகுமா?
- சாவகச்சேரி வாசகி

பதில்: ஆகாது அம்மா. மேலே சொன்னது போன்ற 4 கிலோமீற்றர் லிங்க்குக்கு நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி 7 மீற்றர் அளவுக்கு வெளி வேண்டும். அதில் பாதிக்கு மேலாவது மறைவில்லாமல் இருக்கவேண்டும். மழையில் நனைந்த ஓலை இன்னும் மோசம். கம்பத்தை உயர்த்துங்கள், இல்லாவிட்டால் வேறு கூரை பாருங்கள். பனையை வெட்டவேண்டாம்.