கைராசியா, கிருபையா?

கேள்வி இதுதான்: ஒரு வேலையை நன்றாகச் செய்தாய் என்று பாராட்டினால், கிறிஸ்தவர்கள் உடனே "எல்லாம் ஆண்டவர் கிருபை" என்கிறார்களே, அப்படியானால் அவர்கள் உழைப்புக்கு மதிப்பில்லையா? அது வெறும் வாய்ப்பேச்சுதானே?

பல வருடம் என் வாயில் அது வெறும் பேச்சாகத்தான் இருந்தது. அதனால் என் கதையையே சொல்கிறேன்.

நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை என்றால் பக்கத்து வார்டிலிருந்தும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப்போன கைக்குழந்தைக்கு நரம்பு கண்ணுக்கே தெரியாது. விரல் நுனியால் தடவிக்கொண்டே போனால் ஓரிடத்தில் லேசாக மெத்தென்று எழும்பும். அங்கே மஞ்சள் வென்ஃப்ளானை, அதாவது 24 கேஜ் ஊசியை, நன்றாகச் சாய்த்துப் பிடித்து ஏற்ற வேண்டும். சரியாக ஏறினால் பின்னால் ஒரு சொட்டு ரத்தம் வந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். "உங்களுக்குக் கைராசி சிஸ்டர்" என்பார்கள் அம்மாக்கள். "ஆண்டவர் கிருபைம்மா" என்பேன். மனதுக்குள் ஓடுவதெல்லாம் என் கை, என் அனுபவம் என்பதுதான்.

ஒரு நாள் ராத்திரி எட்டு மாதக் குழந்தை ஒன்று வந்தது. முதல் குத்து தவறியது. இரண்டாவதும் தவறியது. எங்கள் வார்டில் இரண்டு தடவைக்கு மேல் ஒருவரே குத்தக்கூடாது, அடுத்த ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன பெண் பக்கத்தில் நின்றாள். "சிஸ்டர், நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை குத்தினேன். நான்காவது தடவையும் குத்தினேன். அழுது அழுது குழந்தைக்குக் குரல் கம்மிவிட்டது. அதன் அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீங்க போடுங்கம்மா" என்றார். அவள் பாதத்தில் பார்த்துப் போட்டாள். முதல் குத்திலேயே ஏறியது.

கடைசி இரண்டு குத்தும் அந்தக் குழந்தைக்குத் தேவையே இல்லாத வலி. என் பெருமைக்காக அது பட்ட வலி.

வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று அப்போஸ்தலரான, அதாவது இயேசுவின் தூதரான, பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதிய நிருபத்தில் கேட்பது (1 கொரிந்தியர் 4:7). கணக்குப் பார்த்தேன். என் விரல் நுனிக்கு இருக்கும் உணர்வு நான் சம்பாதித்ததில்லை. மூத்த சிஸ்டர் ஒருவர் என் விரலைப் பிடித்து நரம்பின்மேல் வைத்து, "கண்ணை மூடிட்டுத் தடவிப் பாரு" என்று சொல்லித் தந்தார். அப்புறம், பழகும் காலத்தில் நான் தவறிக் குத்திய கைகள். எத்தனை பேர்! "பரவாயில்லம்மா, இன்னொரு தடவை குத்து" என்று கையை நீட்டிய தாத்தாவின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அவர்களுடைய வலியில்தான் நான் தொழில் படித்தேன். அதற்கு நான் எந்த விலையும் கொடுக்கவில்லை. இப்படி விலையில்லாமல் கிடைத்ததைத்தான் கிருபை என்கிறோம்.

உழைப்புக்கு மதிப்பில்லை என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. அதே நிருபம் 15:10-இல், மற்ற அப்போஸ்தலர் எல்லாரையும்விட அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்று பவுல் கூச்சமில்லாமல் எழுதுகிறார். எழுதிய கையோடு, அப்படிச் செய்தது நான் அல்ல, என்னோடிருக்கிற தேவகிருபை என்கிறார். அவருக்கு இரண்டும் உண்மை. அதனால் "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்று சொல்வதை நான் தாழ்மையாக நினைப்பதில்லை. தெரிந்துகொண்டே அப்படிச் சொன்னால் அது பொய்.

யாத்திராகமத்தில் வரும் பெசலெயேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கடவுளை ஆராதிக்க அமைத்த ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பொன், வெள்ளி, வெண்கலம், மரம் என்று எல்லா வேலையும் செய்த கைவினைக்காரன். கர்த்தர் அவனைத் தம் ஆவியால் நிரப்பினார் என்று 31-ஆம் அதிகாரம் சொல்கிறது. 35-ஆம் அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது: மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் மனதையும் அவனுக்குக் கொடுத்தார். அந்த ராத்திரிக்கு முன் நான் அதைக் கவனித்ததே இல்லை.

இப்போது இரண்டு தடவை தவறினால் ஊசியைக் கீழே வைத்துவிடுகிறேன். புதிதாக வரும் பிள்ளைகளின் விரலைப் பிடித்து நரம்பின்மேல் வைத்துக் காட்டுகிறேன். அன்று போட்ட பெண்ணைத்தான் இப்போது பக்கத்து வார்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். முதலில் அது எனக்கு உறுத்தியது. இன்னும் சில நாள் உறுத்துகிறது. டியூட்டிக்குக் கிளம்பும்போது அவள் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் போகிறேன்.