தவணை தாமதமானதால் மனை ஒதுக்கீடு ரத்து: வாசகர் கேள்விகளுக்குச் சட்ட விளக்கம்

கேள்வி: அரசு சார்ந்த வீட்டு வசதி அமைப்பு ஒன்று 2017-இல் நடத்திய குலுக்கலில் எனக்கு ஒரு மனை ஒதுக்கீடு ஆனது. விலை 8,40,000 ரூபாய். 2,40,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினோம். மீதியை வட்டியோடு சேர்த்து மாதம் 13,050 ரூபாய் வீதம் 60 தவணைகளில் செலுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2018 ஜூன் முதல் 41 தவணைகளை ஒரு மாதமும் தவறாமல் கட்டினேன். 2021 நவம்பரில் என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கியதும் தவணை நின்றுபோனது. இருந்தும் 2022 ஆகஸ்டில் 1,00,000 ரூபாயும், 2023 ஜனவரியில் 40,000 ரூபாயும் கட்டினேன். அபராத வட்டி சேர்த்து வரவு வைத்து ரசீது கொடுத்தார்கள். நகையை விற்று, மீதி 1,10,000 ரூபாயோடு 2025 மார்ச்சில் போனபோது, 2024 டிசம்பரிலேயே ஒதுக்கீடு ரத்தாகிவிட்டது என்றார்கள். அறிவிப்பு எதுவும் எனக்கு வரவில்லை. நாங்கள் முன்பு குடியிருந்த வாடகை வீட்டுக்கு அனுப்பிய பதிவுத் தபால் திரும்பி வந்து கோப்பில் இருப்பதை எழுத்தரே எடுத்துக் காட்டினார். வீடு மாறியதை 2020-லேயே எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். மனை திரும்பக் கிடைக்குமா? முன்பணமும் பறிபோகுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் கடைசி வரியில் சொல்லியிருக்கும் அந்த முத்திரையிட்ட நகல்தான், என் பார்வையில், உங்களிடம் உள்ள எல்லாக் காகிதங்களிலும் முதன்மையானது. அதை உடனே இரண்டு பிரதி எடுத்துவிட்டு, மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள். எந்த அலுவலகத்திலும், யார் கேட்டாலும், மூலத்தைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். பொதுச் சட்டக்கூறுகள் சட்டம், 1897-இன் 27-ஆம் பிரிவின்படி, சரியான முகவரி எழுதி, தபால் கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவிப்பு உரியவருக்குச் சேர்ந்துவிட்டதாகவே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். உறை திரும்பி வந்தாலும், "நாங்கள் அனுப்பிவிட்டோம், வாங்காதது அவர் தவறு" என்று அலுவலகம் வாதாடுவது இந்தப் பிரிவின் பலத்தில்தான். ஆனால் அந்த அனுமானம் முழுவதும் "சரியான முகவரி" என்ற சொல்லின் மேல் நிற்கிறது. முகவரி மாறியதை 2020-லேயே எழுத்து மூலம் பெற்றுக்கொண்டு முத்திரையும் இட்ட அலுவலகம், நான்கு ஆண்டுகள் கழித்துப் பழைய முகவரிக்கு அனுப்பிய அறிவிப்பைச் சரியான அறிவிப்பு என்று நிலைநாட்டுவது கடினம். அரசு சார்ந்த அமைப்பு, ஒருவர் பணம் செலுத்திப் பெற்ற உரிமையைப் பறிப்பதற்கு முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்பது இயற்கை நீதியின் அடிப்படை விதி. உங்களை யாரும் கேட்கவே இல்லை.

அடுத்து, தாமதமாக வந்த பணத்தை அவர்கள் வாங்கிக்கொண்டது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 63-ஆம் பிரிவின்படி, பணம் பெற வேண்டியவர் தாமாகவே காலத்தை நீட்டித்துக் கொடுக்கலாம். 2022-லும் 2023-லும் அபராத வட்டியோடு பெற்று ரசீது கொடுத்தவர்கள், குறித்த நாளில் கட்டாததே ரத்துக்குப் போதுமான காரணம் என்று பிறகு சொல்வது பொருந்தாது; புதிதாக ஒரு கெடு விதித்து, அதை முறையாகத் தெரிவித்து, அதன் பிறகும் நீங்கள் தவறியிருந்தால்தான் அந்த வாதத்துக்கு வலு வரும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பல அமைப்புகளின் ஒப்பந்தத்தில், தாமதமாகப் பணம் பெற்றுக்கொண்டாலும் ரத்து செய்யும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகாது என்ற நிபந்தனை இருக்கும். சில செலான்களின் பின்புறம் அதே வாசகம் பொடி எழுத்தில் அச்சாகியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தையும் அந்த இரண்டு செலான்களையும் முன்னும் பின்னுமாக வாசித்துப் பாருங்கள். அப்படி ஒரு நிபந்தனை இருந்தால் இந்த வாதம் வலுக்குறையும். ஆனால் அறிவிப்பு வரவில்லை என்ற முதல் வாதத்தை அது தொடாது.

ரத்து என்பது கடைசி ஆயுதம் என்பதை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சண்டிகர் நிர்வாகத்துக்கு எதிராக டெரி ஓட் எஸ்டேட்ஸ் நிறுவனம் நடத்திய வழக்கில், தவணை பாக்கிக்காக மனையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரம் கடுமையானது, பணத்தை வசூலிக்க வேறு வழிகள் பயன்படாதபோது மட்டுமே அதைக் கையாள வேண்டும், தவறின் அளவுக்குத் தண்டனை பொருந்த வேண்டும் என்ற நெறியை அது வகுத்தது. அதற்காக, தவணை தவறியவர் எல்லோரையும் நீதிமன்றம் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். முன்பணத்தைக் கட்டிவிட்டு, மனையின் விலை ஏறட்டும் என்று பத்து ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டு வருகிறவருக்கு இந்த நெறி உதவாது. நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட தவணைகளை ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள். தவறிய காலத்துக்கு மருத்துவமனைக் கோப்பு சாட்சி சொல்லும். இடையிலும் இரண்டு முறை பணம் கட்டியிருக்கிறீர்கள். 2023 ஜனவரிக்குப் பிறகு ஏன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எதுவும் கட்டவில்லை என்ற கேள்வி மட்டும் நிச்சயம் எழும். அதற்கான பதிலை, டயாலிசிஸ் செய்த நாட்களின் பட்டியல், மருந்துக் கடை ரசீதுகள் ஆகியவற்றோடு இப்போதே எழுதி வையுங்கள்.

கணக்கிலும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. மீதமிருந்த 19 தவணைக்கு 2,47,950 ரூபாய். அதில் 1,40,000 போக 1,07,950 தான் பாக்கி என்று நீங்கள் கணக்கிட்டதாகத் தெரிகிறது. அலுவலகப் பேரேட்டில் அப்படி வராது. செலுத்துகிற பணம் எந்தக் கடனுக்கு என்று நீங்கள் குறிப்பிடாதபோது, ஒப்பந்தச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி அதை எந்தப் பாக்கியில் வரவு வைப்பது என்பதைப் பெறுகிறவரே தீர்மானிக்கலாம். வட்டியில் முதலில் கழித்துவிட்டு, மிஞ்சியதைத்தான் அசலில் வைப்பார்கள். ஆகவே 1,10,000 ரூபாய் போதாமல் போகக்கூடும். உங்கள் மனைக்கான தவணைக் கணக்கு, அபராத வட்டி கணக்கிட்ட முறை, ரத்து ஆணையின் நகல், திரும்பி வந்த உறையின் நகல், மனை வேறொருவருக்கு மறு ஒதுக்கீடு செய்யப்பட்டுவிட்டதா என்ற விவரம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். அவர்கள் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

ஆனால் அந்த 30 நாட்களும் கைகட்டிக் காத்திருக்கக் கூடாது. மனை இன்னும் காலியாக இருக்கிறதா, வேறொருவர் கைக்குப் போய்விட்டதா என்பதைப் பொறுத்துத்தான் உங்களுக்கு மனையே கிடைக்குமா, இழப்பீடு மட்டும் கிடைக்குமா என்பது அமையும். குலுக்கலில் பெற்று, பணம் கட்டி, பத்திரமும் பதிந்துவிட்ட மூன்றாம் நபரை வெளியேற்ற நீதிமன்றங்கள் தயங்கும். அதனால் இந்த வாரமே, அறிவிப்பு வராததையும் முழுப் பாக்கியையும் கட்டத் தயாராக இருப்பதையும் சொல்லி, ரத்தைத் திரும்பப் பெறும்படியும், முடிவு தெரியும் வரை மறு ஒதுக்கீடு செய்யக் கூடாது என்றும், அந்த அமைப்பின் செயற்பொறியாளருக்கும் தலைமை அலுவலகத்துக்கும், சேர்ந்ததற்கான ஒப்புகை கேட்டு, விரைவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்புங்கள். கையில் உள்ள 1,10,000 ரூபாய்க்கு வரைவோலை எடுத்து, உங்கள் கணக்குப்படியான பாக்கி இது, வித்தியாசம் இருந்தால் தெரிவித்ததும் கட்டுகிறேன் என்ற கடிதத்துடன் நேரில் கொடுங்கள். வாங்க மறுத்தால், மறுத்த நாளையும் இருக்கையில் இருந்தவரின் பதவியையும் குறிப்பிட்டு அன்றைக்கே அதையும் தபாலில் அனுப்பிவிடுங்கள். பணம் கட்டத் தயாராக இருந்தேன் என்று வாயால் சொல்வதைவிட, தேதியிட்ட ஒரு வரைவோலையின் நகல் நீதிபதியின் மேசையில் பேசும். அரசு அவ்வப்போது அறிவிக்கும் அபராத வட்டித் தள்ளுபடி இப்போது நடப்பில் இருக்கிறதா என்றும் அதே சமயம் விசாரியுங்கள்.

முன்பணத்தைப் பறிமுதல் செய்வதைப் பற்றி: கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் நிறுவனத்துக்கும் டெல்லி வளர்ச்சிக் குழுமத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் அளித்த தீர்ப்பை உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஏலத்தில் எடுத்த மனைக்கு அந்த நிறுவனம் 78 லட்சம் ரூபாய் கட்டியிருந்தது. மீதியைக் கட்டவில்லை என்று குழுமம் ரத்து செய்து அந்தத் தொகையைப் பறிமுதல் செய்தது. பிறகு அதே மனையை 11 கோடியே 78 லட்சத்துக்கு விற்றது. குழுமமே பலமுறை கெடுவை நீட்டித்திருந்தது என்பதையும், ரத்தால் அதற்கு ஒரு ரூபாயும் நட்டம் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டி, பணத்தைத் திருப்பித் தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. நட்டமே இல்லாத இடத்தில் இழப்பீடு என்ற பேச்சு எழாது. பிடித்தம் போக மீதி என்று ஒரு காசோலை உங்கள் வீட்டுக்கு வந்தால், "ரத்தை ஏற்காமல், என் உரிமைக்குப் பாதகமின்றியே இதைப் பெறுகிறேன்" என்று எழுதிக் கொடுக்காமல் அதை வங்கியில் போட்டுவிடாதீர்கள்.

விண்ணப்பத்துக்கு இரண்டு, மூன்று வாரத்தில் அசைவு இல்லையென்றால், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு (அரசு சார்ந்த அமைப்பின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை நேரடியாக அணுகும் மனு) தாக்கல் செய்து, மறு ஒதுக்கீட்டுக்கு இடைக்காலத் தடை கேட்பதே உங்களுக்கு ஏற்ற வழி என்று நினைக்கிறேன். அறிவிப்பு இல்லாத ரத்து என்ற ஒரு காரணமே அங்கே போதுமானது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம், வீட்டு வசதி அமைப்புகளின் பணி நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவைதான் என்று தீர்ப்பளித்துவிட்டது. அங்கே புகார் கொடுக்க இரண்டு ஆண்டு கால வரம்பு உண்டு. ஒரே நிவாரணத்தைக் கேட்டு இரண்டு கதவையும் ஒருசேரத் தட்ட வேண்டாம்.

கேள்வி: தனியார் மனைப்பிரிவு ஒன்றில் மனை பதிவு செய்து, விலையில் 35 சதவீதம் வரை கட்டிவிட்டேன். கையில் இருப்பது ரசீதுகள் மட்டுமே; ஒப்பந்தம் போடவில்லை. இரண்டு தவணை தாமதமானதும், மனையை ரத்து செய்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். கட்டிய பணத்தில் பாதிதான் தருவார்களாம். இது செல்லுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன் கீழ் பதிவானதா என்று முதலில் பாருங்கள், தமிழ்நாடு ஆணையத்தின் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைக் கொண்டே தேடலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அமையும் மனைப்பிரிவுகள் பொதுவாகப் பதிவுக்கு உட்பட்டவை.

அந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, எழுத்து மூலமான விற்பனை ஒப்பந்தம் போட்டு அதைப் பதிவு செய்யாமல், விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. உங்களிடம் 35 சதவீதம் வாங்கியிருக்கிறார்கள். முதலில் சட்டத்தை மீறியவர்கள் அவர்களே. 11-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு, விற்பனை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளின்படி மட்டுமே ஒதுக்கீட்டை ரத்து செய்ய முடியும் என்கிறது; ஒப்பந்தமே இல்லாதபோது எந்த நிபந்தனையைக் காட்டி ரத்து செய்தார்கள் என்று அவர்கள்தான் விளக்க வேண்டும். ஒருதலைப்பட்சமான ரத்தை எதிர்த்து ஆணையத்தில் புகார் அளிக்கும் உரிமையையும் அதே உட்பிரிவு உங்களுக்குத் தருகிறது. வாட்ஸ்அப் செய்தியை, அனுப்பிய எண்ணும் தேதியும் தெரியும்படி அச்செடுத்துப் புகாரோடு இணையுங்கள். கைபேசியை மாற்றினாலும் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். தாமதமான இரண்டு தவணைக்கான வட்டியைத் தவிர்க்க முடியாது. 19-ஆம் பிரிவு அந்தக் கடமையை உங்கள் மீது வைக்கிறது. அதைக் கட்டத் தயார் என்று புகாரிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மனை என் அப்பாவின் பெயரில் ஒதுக்கப்பட்டது. அவர் இறந்து ஓராண்டு ஆகிறது. தவணை புத்தகம் அண்மையில்தான் பெட்டியில் கிடைத்தது. 11 தவணை பாக்கி. ரத்து செய்வோம் என்று அவர் பெயருக்கே அறிவிப்பு வந்திருக்கிறது. இறந்தவர் பெயருக்கு வந்ததைப் பொருட்படுத்த வேண்டுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: கண்டிப்பாகப் பொருட்படுத்த வேண்டும். இறந்தவருக்கு அனுப்பிய அறிவிப்பு செல்லாது என்று பின்னால் வாதாடலாம் என நினைத்துப் பேசாமல் இருந்தால், இறப்பை நீங்கள் தெரிவிக்கவே இல்லையே என்று அலுவலகம் கேட்கும். ரத்து ஆணை இன்னும் வரவில்லை என்பதால் உங்கள் நிலை, மேலே எழுதிய வாசகியின் நிலையைவிட எளிது. இறப்புச் சான்றிதழை இணைத்து, அறிவிப்பில் கண்ட கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்த ஒப்புகையையும் அதோடு வையுங்கள். பெயர் மாற்றம் முடியும் வரை பணம் வாங்க மாட்டோம் என்றால், அதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முடிந்தால் பாக்கியை அப்பாவின் ஒதுக்கீட்டு எண்ணைக் குறிப்பிட்டே கட்டிவிடுங்கள். செலானில் "செலுத்துபவர்: மகன்" என்று எழுதி, எந்தெந்த மாதத் தவணைக்கு என்பதையும் வரிசையாகக் குறிப்பிடுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால், மனை பிற்பாடு யார் பெயருக்கு மாற வேண்டும் என்பதை இப்போதே பேசி, மற்றவர்களிடம் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்தின்போது அலுவலகம் அதைக் கேட்கும்.